பின்வாங்கில் இருபது மணித்தியாலம்: ஆங்கில ஆசிரியப் பயிலுநர் ஒருவருக்குப் பதில்

வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் தங்கி, பகலில் கணக்காய்வு அலுவலகமொன்றில் வேலை பார்க்கும் 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதமொன்றை அனுப்பியிருக்கிறார். சொந்த ஊர் மட்டக்களப்பு, கலைப் பட்டதாரி. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதற்கான ஒரு வருட டிப்ளோமா ஒன்றைக் கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்றில் வார இறுதி வகுப்புகளாகப் படித்து வருகிறார். விரிவுரைகள் முடிந்துவிட்டன. சான்றிதழ் பெறுவதற்கு 20 மணித்தியால வகுப்பறை அவதானிப்பும் 6 மணித்தியாலக் கற்பித்தல் பயிற்சியும் எஞ்சியிருக்கின்றன. சேரும்போது தரப்பட்ட கையேட்டில் பாடசாலை ஒழுங்கு செய்து தரப்படும் என்று அச்சிடப்பட்டிருக்க, இப்போது "நீங்களே ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்" என்கிறார்களாம். அருகிலுள்ள அரசாங்கப் பாடசாலையின் அதிபர், மேலிடத்து அனுமதிக் கடிதம் இல்லாமல் வகுப்பறைக்குள் விட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

தெரிந்தவர் மூலம் தனியார் பாடசாலையொன்றில் மூன்று நாள் போயிருக்கிறார். முதல் நாள் ஆசிரியை வகுப்பை இவரிடம் விட்டுவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். இரண்டாம் நாள் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு வழியாகப் பாடம் நடந்தது. அதை இவர் ஆசிரியைக்குச் சொல்லாமல் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டார். இதற்கிடையில், கொட்டாஞ்சேனையில் டியூஷன் வகுப்பு நடத்தும் தாய்மாமன், "இதுக்கேன் அலையிறாய்? தாளைக் கொண்டுவா, நான் கையொப்பமும் முத்திரையும் வைச்சுத் தாறன்" என்று சொல்லியிருக்கிறார். மாமாவின் உதவியை ஏற்கலாமா, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா, இணையத்தில் உள்ள பாட வீடியோக்களைப் பார்த்துக் கணக்குக் காட்ட முடியாதா, அடிப்படையில் பின்வாங்கில் சும்மா உட்கார்ந்திருப்பதால் என்ன பிரயோசனம் என்பவை அவருடைய கேள்விகள். பார்ப்பதானால் சர்வதேசப் பாடசாலையில்தான் பார்க்க வேண்டும், நமது தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் ஆங்கிலத்தையே தமிழில்தான் படிப்பிக்கிறார்கள் என்ற எண்ணமும், டிப்ளோமாவை முடித்தால் அரசாங்க ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் கடிதத்தில் தெரிகின்றன.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமாவின் கையொப்பத்தை வாங்க வேண்டாம். அவர் பாசத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் நடக்காத வகுப்பை நடந்ததாகக் காட்டும் ஒரு பத்திரத்தில் அவருடைய முத்திரையும் உங்களுடைய பெயரும் சேர்ந்து நிற்கும். அது பின்னர் தெரியவந்தால் உங்கள் சான்றிதழ் இரத்தாகலாம். பெற்றோரின் நம்பிக்கையில் நடக்கும் அவருடைய வகுப்பின் பெயரும் அடிபடும். இவை வெளியில் உள்ள ஆபத்துகள். கிட்டிய ஆபத்து வேறு. அவதானிப்பு முடிந்தவுடன் வருவது 6 மணித்தியாலக் கற்பித்தல் பயிற்சி. அன்று உங்கள் விரிவுரையாளர் பின்வாங்கில் இருப்பார், நீங்கள் முன்னால் நிற்பீர்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்போது ஓர் ஆசிரியை என்ன செய்வார் என்பதைக் கண்ணால் கண்டிராத ஒருவருக்கு அந்த முதல் ஐந்து நிமிடம் மிகவும் நீளமானது.

வீடியோவைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா சான்றிதழ், அனுபவமுள்ள ஆசிரியர்களின் பாடங்களை 6 மணித்தியாலம் அவதானிக்கச் சொல்கிறது. அதில் பாதி வரை ஒளிப்பதிவாக இருக்கலாம். ஆகவே வீடியோ கூடாது என்ற பொது விதி எதுவும் கிடையாது. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்பதை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதிலைப் பெறுங்கள். ஆனால் அதிகமாக நம்பியிருக்க வேண்டாம். கமரா பெரும்பாலும் ஆசிரியரைத்தான் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் பிள்ளைகளின் பக்கத்தில்தான் நடக்கின்றன.

நிறுவனத்தின் பொறுப்பு

கையேட்டில் அச்சிட்டுத் தந்த வாக்குறுதி அவர்களைக் கட்டுப்படுத்தும். நான் சட்டத்தரணி அல்லன். ஆசிரியப் பயிற்சியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாட்ஸ்அப்பில் வாக்குவாதப்படுவதை நிறுத்திவிட்டு, கையேட்டின் அந்தப் பக்கத்தின் பிரதியை இணைத்துப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பாடசாலை அதிபருக்கு முகவரியிட்ட அறிமுகக் கடிதம், ஒவ்வொரு அவதானிப்பிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்ற பணித்தாள், உங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளரின் பெயர் ஆகிய மூன்றையும் அதில் கேளுங்கள். இரண்டாவதை விட்டுவிட வேண்டாம். மணித்தியாலக் கணக்குத் தாளை மட்டும் தந்து, என்னத்தைப் பார்ப்பது என்று சொல்லாமல் அனுப்பியிருப்பதைத்தான் நான் பெரிய குறையாகக் காண்கிறேன். பாடசாலை கிடைக்காதது அதற்கு அடுத்ததுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்பது கடைசி வழியாக இருக்கட்டும். விரிவுரைகளை நீங்கள் முழுமையாகப் பெற்றுவிட்டீர்கள். முழுக் கட்டணத்தையும் கேட்டால் தட்டிக்கழிப்பது அவர்களுக்கு இலகு. ஒழுங்கு செய்யாத பகுதிக்குரிய ஈட்டைக் கேட்பது பலமான நிலை. பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் காலந்தாழ்த்தாமல் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். அதற்கு முன்னர், நிறுவனம் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். நிறுவனம் பதிவு பெற்றிருப்பது ஒன்று, நீங்கள் படிக்கும் குறிப்பிட்ட கற்கைநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. விளம்பரப் பதாகைகளில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதுவது இந்த நகரத்தில் புதினமான விடயமில்லை.

அனுமதி யாரிடம்

அதிபர் உங்களைத் திருப்பி அனுப்பியதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியாள் ஒருவரை, அறிமுகக் கடிதம்கூட இல்லாமல், சிறுவர்கள் இருக்கும் வகுப்பறைக்குள் விட மறுத்த அவர் தமது கடமையைச் செய்திருக்கிறார். எந்தப் பாடசாலைக்கு யாரிடம் கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மாகாணப் பாடசாலையானால் அது வலயக் கல்விப் பணிமனையின் கீழ் வரும். கொழும்பு நகரப் பாடசாலைகளுக்குக் கொழும்பு வலயம், தெஹிவளைப் பக்கம் போனால் வேறு வலயம். தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் நேரடி நிருவாகத்தில் உள்ளன. அவற்றுக்கு வலயப் பணிப்பாளரின் கடிதத்தை மட்டும் கொண்டுபோனால் மறுபடி திரும்ப வேண்டி வரலாம். தனியார், சர்வதேசப் பாடசாலைகளில் அதிபரும் முகாமையும் சம்மதித்தால் போதும். எங்கு போனாலும் முதலில் அதிபரைச் சந்தித்து, அவர் வாயாலேயே எந்த அலுவலகத்தின் கடிதம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், திகதிகளும் தரங்களும் குறிப்பிட்ட கோரிக்கையாக அது போக வேண்டும். நீங்கள் கையால் எழுதிய விண்ணப்பம் மேசையில் தூங்கும்.

சர்வதேசப் பாடசாலையைப் பற்றி: அங்கே பார்ப்பதில் பிழையில்லை, ஆனால் உங்கள் கணிப்பு தலைகீழாக இருக்கிறது. அங்கே பிள்ளை காலையிலிருந்து எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. நமது பாடசாலையில் ஆங்கிலம் என்பது பாடவேளை ஒன்று. மணி அடித்தவுடன் வகுப்பு தமிழுக்குத் திரும்பிவிடும். நீங்கள் படிப்பது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் முறையை. அந்தச் சிக்கல் முழுமையாக இருக்கும் இடம் தமிழ், சிங்கள மொழிமூல வகுப்பறைதான். இரு மொழிமூலத்துக்கும் அரசாங்கம் தரும் ஆங்கிலப் பாடநூல் ஒன்றே என்பதால், ஒரே பாடத்தை இருவகை வகுப்பிலும் பார்க்கும் வாய்ப்பும் கொழும்பில் உங்களுக்கு உண்டு. நீங்கள் மட்டக்களப்பில் இருந்திருந்தால் இந்த வசதி எளிதில் கிடைத்திராது.

ஆசிரியை தமிழில் பேசுகிறார் என்று முகம் சுளிப்பதற்கு முன், எப்போது பேசுகிறார் என்று குறியுங்கள். புதிய சொல்லின் பொருளை ஒரு நொடியில் சொல்லிவிட்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு வருகிறாரா, அதட்டுவதற்கு மட்டும் தமிழா, அல்லது முழு வாசிப்புப் பகுதியையும் வரிக்கு வரி மொழிபெயர்த்துப் பிள்ளைகளின் வேலையைத் தாமே முடித்துவிடுகிறாரா? மூன்றும் மூன்று வேறு விடயங்கள். முதலாவதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

பின்வாங்கில் இருந்து எதைப் பார்ப்பது

"நானும் பதின்மூன்று வருடம் வகுப்பில் இருந்தவள்தானே, புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எடுத்துக்காட்டிய சிக்கலே இதுதான். ஆசிரியத் தொழிலுக்கு வருகிறவர்கள் மாணவராக இருந்த காலம் முழுவதும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் செய்ததை மட்டுமே பார்த்திருக்கிறார்கள், அவர் ஏன் அதைத் தெரிந்தெடுத்தார், எதைக் கைவிட்டார் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த நினைவோடு வகுப்புக்குள் போனால், நமக்குப் பிடித்த டீச்சரைப் போலவே நாமும் நடிக்கத் தொடங்குவோம். மேடைக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்பதற்குத்தான் உங்களுக்கு இந்தப் பின்வாங்கு.

ஒரு பாடவேளைக்கு ஒரே விடயத்தை வைத்துக்கொள்ளுங்கள். கொப்பியின் பக்கத்தை மூன்றாகப் பிரித்து, நேரம், ஆசிரியை சொன்னது, பிள்ளைகள் செய்தது என்று எழுதுங்கள். நல்லது, மோசம், சலிப்பு முதலிய சொற்களை அந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம்.

எடுத்துக்காட்டாகக் காத்திருக்கும் நேரம். ஆசிரியை கேள்வி கேட்டதற்கும், ஒரு பெயரைச் சொல்வதற்கோ விடையைத் தாமே சொல்லிவிடுவதற்கோ இடையில் எத்தனை விநாடி போகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அமெரிக்க விஞ்ஞான வகுப்புகளில் இதை அளந்தபோது, அது சராசரியாக ஒரு விநாடி அளவில் இருந்தது. மூன்று விநாடியாகக் கூட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினர். விடையை முதலில் தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டிய தரம் 7 பிள்ளைக்கு அந்த இரண்டு விநாடி இன்னும் பெறுமதியானது.

அடுத்தது பிழை திருத்தம். ஆசிரியை நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். ஒரு பையன் எழுந்து, "யெஸ்டர்டே ஐ கோ டு த பீச்" என்கிறான். அவர் சிரித்துக்கொண்டே, "ஆ, யூ வென்ட் டு த பீச். குட், சிட் டவுன்" என்று சொல்லி அடுத்த பிள்ளைக்குப் போகிறார். திருத்தம் நடந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். நடந்ததா? அந்தப் பையன் 'வென்ட்' என்பதைக் கேட்டானா, அல்லது 'குட்' என்பதை மட்டும் கேட்டானா? ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைப் பதிவு செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்டது இவ்வாறு சரியான வடிவத்தைத் தாமே திருப்பிச் சொல்லிவிடும் முறைதான். மாணவர் தமது பிழையைத் தாமே திருத்திக்கொள்வது அந்த முறையில்தான் மிகக் குறைவாக நடந்தது. நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பையனைப் பாடம் முடியும்வரை கண்ணால் தொடர்வது. பத்து நிமிடத்தில் எழுத்து வேலை வரும். அவன் கொப்பியில் 'கோ' என்று எழுதுகிறானா, 'வென்ட்' என்று எழுதுகிறானா, அல்லது முன்வாங்குப் பிள்ளையின் வாக்கியத்தை எட்டிப் பார்க்கிறானா என்பதை ஆசிரியையால் முன்னால் நின்று பார்க்க முடியாது. உங்களால் முடியும்.

"விளங்கிச்சா?" என்ற கேள்விக்கு முழு வகுப்பும் "யெஸ் டீச்சர்" என்று பாடுவதை ஒருபோதும் சான்றாகக் கொள்ள வேண்டாம். முன்வரிசையில் ஒருவர், நடுவில் ஒருவர், யன்னலோரக் கடைசி வாங்கில் ஒருவர் என்று மூவரைத் தெரிந்தெடுத்து, "யெஸ் டீச்சர்" ஒலித்த பின்னர் அவர்களின் பேனை எப்போது அசையத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

பாடவேளை ஒன்று 40 நிமிடமானால், 20 மணித்தியாலம் என்பது 30 பாடவேளை. முப்பதையும் முப்பது வகுப்பில் செலவழித்தால் சுற்றுலாவாகிவிடும். ஏறத்தாழ பத்துப் பாடவேளைகளை ஒரே வகுப்பில், பாடநூலின் ஓர் அலகு தொடங்கி முடியும்வரை பாருங்கள். மிகுதியில் ஆரம்பப் பிரிவு ஒன்றும், க.பொ.த. சாதாரண தர வகுப்பு ஒன்றும், பெரியவர்களுக்கான வார இறுதி வகுப்பு ஒன்றும் இருக்கட்டும். உங்கள் அலுவலக நேரத்தோடு ஒத்துப்போவதற்கு, பாடசாலைக் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஆங்கிலப் பாடவேளைகள் மிகுதியாக விழும் நாளைத் தெரிந்து அரைநாள் விடுமுறை எடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் போக வேண்டாம். பழைய வினாத்தாள் செய்வதைத்தான் பார்ப்பீர்கள்.

வேலையாளாக ஆக்கிவிட்டால்

வகுப்பை உங்களிடம் விட்டுவிட்டு ஆசிரியை போனது சரியில்லை. ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே தெளிவான பதில் கிடையாது. நீங்கள் அந்தப் பாடசாலையின் ஊழியர் அல்லர். அடுத்த தடவை, "டீச்சர், தனியாக நிற்பதற்கு எனக்கு அனுமதியில்லை, நிறுவனத்தில் கேட்பார்கள்" என்று சொல்லுங்கள். பழியை நிறுவனத்தின் மேல் போடுவதில் தவறில்லை, அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டினீர்கள். விடைத்தாள் திருத்தியதை அவதானிப்பு மணித்தியாலமாக எழுத வேண்டாம். ஆனால் அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வந்த பிழைகள் உங்களுக்கு நினைவிருந்தால் எழுதி வையுங்கள், பாடம் தயாரிக்கும்போது உதவும்.

ஒலிப்பதிவு உங்கள் பக்கத்துத் தவறு. ஆசிரியை அறியாமல், பிள்ளைகளின் குரலும் பெயரும் அதில் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவுகளை விசேட வகையாகக் கருதுகிறது. சட்டத்தை விடுங்கள், அந்த ஆசிரியைக்குத் தெரியவந்தால் அந்தப் பாடசாலையில் உங்களுக்குப் பின் வரும் பயிலுநருக்கும் கதவு மூடப்படும். பதிவை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். இனிமேல் ஒலிப்பதிவு தேவையானால் அதிபரிடமும் ஆசிரியையிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள்.

பின்வாங்கில் ஒருவர் கொப்பியோடு உட்கார்ந்தால் நமது ஆசிரியர்களுக்கு வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவரின் நினைவுதான் வரும். அந்த ஆசிரியை வகுப்பைவிட்டு நழுவியதற்கும் விடைத்தாள்களைத் தந்ததற்கும் இந்தக் கூச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பாடத்துக்கு முன் அவரைச் சந்தித்து, அன்று பிள்ளைகளில் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்ததும் உங்கள் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். அதில் அவரைப் பற்றிய மதிப்பீடு எதுவும் இல்லை என்று கண்டால், பிழைவிட்ட ஒரு பிள்ளைக்கு ஏன் திரும்பச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை அவராகவே விளக்கக்கூடும்.

நியமனம் பற்றி ஒரு வார்த்தை. தனியார் டிப்ளோமா தானாக இலங்கை ஆசிரியர் சேவைக்குள் கொண்டுபோகாது. அங்கே தேசிய கல்வியியற் கல்லூரிகளில் கற்பித்தல் டிப்ளோமா பெற்றவர்களும், போட்டிப் பரீட்சை வழியாக வரும் பட்டதாரிகளும் சேர்க்கப்படுகிறார்கள். உங்கள் கையில் பட்டம் இருக்கிறது. உங்களுக்குரிய பாதை அந்தப் போட்டிப் பரீட்சையும், பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகமோ திறந்த பல்கலைக்கழகமோ மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமோ வழங்கும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும்தான். தனியார் பாடசாலைக்கும் சொந்த வகுப்புக்கும் இப்போதைய டிப்ளோமா உதவும், அந்த அளவில் அதை முடியுங்கள்.

மாமாவிடம் கோபிக்க வேண்டாம். அவருடைய வகுப்பில் உண்மையாகவே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். டியூஷன் வகுப்பில் பார்த்த மணித்தியாலங்களை ஏற்பார்களா, ஏற்பதானால் உறவினரின் கையொப்பம் செல்லுமா என்பதைப் பணிப்பாளருக்கு எழுதும் அதே கடிதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். ஏற்காவிட்டாலும் இரண்டு சனிக்கிழமை போய் வாருங்கள், பாடசாலைக்குள் நுழைவதற்கு முன் குறிப்பெடுத்துப் பழக அது போதும். கடிதத்தை இந்த வாரமே தபாலிலிடுங்கள். தவணை நடுப்பகுதிக்குள் அதிபர் கையில் அனுமதி இருந்தால்தான் ஓர் அலகை முழுமையாகப் பார்க்க நாள் கிடைக்கும்.